எக்ஸ் எவ்வளவு, அப்பா?

"அப்பா, மீன் கண்டுபிடிக்கணும்."

இரவு எட்டரை மணி. மஸ்ஜித் பந்தரில் ஒரு லாரி ஆபீசில் பகல் முழுவதும் பில் எழுதிவிட்டு, சயான் வரை லோக்கல் ரயிலில் நின்றபடியே வந்து, அங்கிருந்து தாராவிக்கு நடந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற தந்தையை வரவேற்கும் முதல் வார்த்தை இது. அவர் வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வருகிறது:

"ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா மீனா?"

மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் கேட்டது குழம்பு மீன் அல்ல. கூட்டுச் சராசரிக்கு ஆங்கிலத்தில் 'மீன்' என்று பெயர். பத்தாம் வகுப்பு வீட்டுக் கணக்கு. காலையில் பள்ளியில் காட்டியாக வேண்டும்.

சிரிப்பு அடங்கியதும் தந்தை முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "டீச்சர்கிட்ட கேட்டுக்கோயேன், எம்மா" என்கிறார். மகளும் அதற்குமேல் வற்புறுத்துவதில்லை. அப்பாவுக்கு இது வராது என்று அவள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். அவள் அப்படி முடிவு கட்டியது அவருக்கும் தெரியும். வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு என்று தமிழர் குடியிருக்கும் இடங்களில், பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் எட்டிப் பார்த்தால் இதே காட்சி. தந்தை திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் தமிழ் வழியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். பிள்ளை படிப்பது ஆங்கில வழியில். சில வீடுகளில் இந்தி, சில வீடுகளில் மராத்தி. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் தொடங்கி, மேல் வகுப்பில் வேறு மொழிக்கு மாறிய பிள்ளைகளும் உண்டு. அவர்கள் பாடு இன்னும் சிரமம். சரித்திரத்தை நெட்டுருப் போட்டு ஒப்பேற்றலாம். கணக்கை அப்படி ஒப்பேற்ற முடியாது.

மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணிதம் இரண்டு தாள். முதல் தாள் இயற்கணிதம், இரண்டாவது வடிவ கணிதம். எழுத்துத் தேர்வில் தாளுக்கு 40 மதிப்பெண். 2018-இல் வெளிவந்த இயற்கணித நூலில் ஆறு பாடங்கள்: இரு மாறிகளில் சமன்பாடு, இருபடிச் சமன்பாடு, கூட்டுத் தொடர், ஜி.எஸ்.டி.யும் பங்குகளும் அடங்கிய நிதிக் கணக்கு, நிகழ்தகவு, புள்ளியியல். ஆக, 'எக்ஸ்' தேடுவதும் 'மீன்' தேடுவதும் ஒரே புத்தகத்திற்குள்தான். ஜி.எஸ்.டி. பாடத்தைப் பல தந்தையர் பிள்ளைக்கு முன்பாகவே போட்டுவிடுவார்கள். பில் எழுதி எழுதிக் கை பழகிய விஷயம் அது. மற்ற பாடங்களில்தான் தயக்கம்.

பத்தாம் வகுப்பு என்றால் டியூஷன் கட்டணம் ஒரு படி ஏறிவிடும். கட்ட முடிந்தவர் கட்டுகிறார். முடியாத வீட்டுப் பிள்ளை மாடி வீட்டு அண்ணனைத் தேடிப் போகிறது. அண்ணனுக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட்.

பெயர்தான் வேறு

தந்தையைத் தள்ளி நிறுத்துவது பெரும்பாலும் கணக்கல்ல, அதன் பெயர். 'ஈக்வேஷன்' என்று பிள்ளை சொல்வது தந்தை படித்த அதே சமன்பாடு. மராத்தியிலும் இந்தியிலும் 'சமீகரண்'. இரண்டிலும் 'சம' என்பது கண்ணெதிரே நிற்கிறது. 'வேரியபிள்' என்பது மாறி. மராத்தி நூலில் 'சல்'. 'கோஎஃபிஷியண்ட்' என்பது கெழு, மராத்தியில் 'சஹகுணக்'. 'குவாட்ராடிக்' என்று பயமுறுத்துவது இருபடிச் சமன்பாடு. மராத்தியில் 'வர்க சமீகரண்'.

புள்ளியியலிலும் அப்படியே. மீன், மீடியன், மோட் மூன்றும் தமிழில் சராசரி, இடைநிலை, முகடு. மராத்தியில் மத்ய, மத்யக், பஹுலக். 'ஃபிரீக்வன்சி' என்பதைத் தமிழில் நிகழ்வெண் என்கிறோம். மராத்தியில் 'வாரம்வாரதா' என்கிறார்கள். திரும்பத் திரும்ப வருவது என்று பொருள். இந்த ஒரு சொல்லுக்காகவே மராத்திக்காரரைப் பாராட்டலாம். ஒரு எண் எத்தனை தடவை திரும்ப வருகிறது என்பதுதானே விஷயம்!

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தச் சொற்களைப் பிள்ளையின் மொழியிலும் தமிழிலும் பக்கம் பக்கமாக எழுதி வைத்தால், நாலு நாளில் இருவருக்கும் பேச்சு ஒத்துப்போகும். இருபது சொல்லுக்குமேல் தேறாது.

உண்டியல் கணக்கு

அன்றைய வீட்டுக் கணக்கில் முதலாவது இது: ஓர் உண்டியலில் 2 ரூபாய் நாணயமும் 5 ரூபாய் நாணயமும் சேர்த்து 50 இருக்கின்றன. மொத்தத் தொகை ரூ.160. வகைக்கு எத்தனை?

மகள் வாய்விட்டுப் படித்துப் பொருள் சொல்கிறாள். பேனா தாளில் படுவதற்கு முன்பே தந்தை சொல்லிவிடுகிறார்: "அஞ்சு ரூவா இருபது, ரெண்டு ரூவா முப்பது."

மகள் திகைக்கிறாள். "எப்பிடிப்பா?"

"அம்பதும் ரெண்டு ரூவான்னு வச்சுக்கோ. நூறு ரூவா ஆச்சா? உண்டியல்ல இருக்கது நூத்தி அறுவது. அப்ப அறுவது ரூவா கூட இருக்கு. ஒரு ரெண்டு ரூவாய எடுத்துட்டு அஞ்சு ரூவாய வச்சா மூணு ரூவா கூடும். அறுவத மூணால வகு. இருபது."

"விடை சரிதான். ஆனா இப்பிடி எழுதினா மார்க் தரமாட்டாங்கப்பா."

இந்த இடத்தில்தான் எத்தனையோ தந்தையர் எழுந்து போய்விடுகிறார்கள். விடையைச் சரியாகச் சொல்லியும் செல்லாது என்றால் யாருக்குத்தான் மனம் சுருங்காது? அவர் எழுந்து போகாமல் அடுத்த நான்கு வரியையும் பார்த்திருந்தால் போதும்.

மகள் எழுதுவது: 2 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை எக்ஸ் என்க. 5 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை ஒய் என்க. எக்ஸ் + ஒய் = 50. இது முதல் சமன்பாடு. 2 எக்ஸ் + 5 ஒய் = 160. இது இரண்டாவது. முதலாவதை இரண்டால் பெருக்கினால் 2 எக்ஸ் + 2 ஒய் = 100. அதை இரண்டாவதிலிருந்து கழித்தால் 3 ஒய் = 60. ஆகவே ஒய் = 20, எக்ஸ் = 30.

தந்தை சொன்னதையும் மகள் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். எல்லாம் இரண்டு ரூபாய் என்று அவர் வைத்துக்கொண்ட 100, அவள் தாளில் மூன்றாவது வரியில் நிற்கிறது. கூடுதலாக இருந்த 60 நான்காவது வரியில். ஒரு நாணயத்தை மாற்றினால் கூடும் 3, ஒய்யின் கெழுவாக நிற்கிறது. ஒரே எண்கள், ஒரே வரிசை. புத்தகம் 'நீக்கல் முறை' என்று பெயர் சூட்டியிருப்பதைத் தந்தை நின்ற நிலையில் வாயால் செய்துவிட்டார். அவர் விட்டது இரண்டே இரண்டு: எதை எக்ஸ் என்று வைத்தோம் என்று எழுதவில்லை, வரி வரியாகக் காட்டவில்லை. தேர்வில் வரிக்கு வரிதான் மதிப்பெண்.

எக்ஸ் என்று வைக்கும் வரியிலேயே பிள்ளைகள் பாதிப்பேர் சறுக்குகிறார்கள். 'எக்ஸ் = 2 ரூபாய் நாணயம்' என்று எழுதிவிடுவார்கள். எக்ஸ் நாணயமல்ல, நாணயத்தின் எண்ணிக்கை. இதைத் தெளிவாக எழுதாத பிள்ளை நாலு வரி போனதும் எக்ஸை ரூபாயாக நினைத்துக்கொண்டு தடுமாறும். "எக்ஸ்னா என்ன? எத்தனையா, எவ்வளவா?" என்று தந்தை ஒரு கேள்வி கேட்டால் போதும். அதற்குக் கணிதப் பட்டம் வேண்டியதில்லை.

மனக்கணக்கே போதுமென்றால் எக்ஸ் எதற்கு? அடுத்த கணக்கு அதற்குப் பதில் சொல்லும். ஓர் ஈரிலக்க எண். இலக்கங்களைக் கூட்டினால் 11. இலக்கங்களை இடம் மாற்றினால் 27 கூடுகிறது. எண் என்ன? இதில் 'எல்லாம் இரண்டு ரூபாய்' வித்தை பலிக்காது. பத்தாம் இடத்து இலக்கம் எக்ஸ், ஒன்றாம் இடத்து இலக்கம் ஒய் என்று வைத்தால், எண் 10 எக்ஸ் + ஒய். இடம் மாறிய எண் 10 ஒய் + எக்ஸ். கழித்தால் 9 ஒய் − 9 எக்ஸ் = 27; அதாவது ஒய் − எக்ஸ் = 3. ஒய் + எக்ஸ் = 11 என்பது முன்பே தெரியும். ஒய் = 7, எக்ஸ் = 4. எண் 47, இடம் மாற்றினால் 74.

இங்கே பிள்ளைகள் செய்யும் தவறு, எண்ணையே எக்ஸ் + ஒய் என்று எழுதுவது. காசாளர் வேலை பார்த்தவர் இதை ஒரே வார்த்தையில் திருத்திவிடுவார். 47 ரூபாய் என்றால் நான்கு பத்து ரூபாய் நோட்டு, ஏழு ஒரு ரூபாய். நான்கையும் ஏழையும் கூட்டிப் பதினொரு ரூபாய் என்று சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழியும்.

அளவை வைத்துச் சூத்திரம் சொல்வது தமிழ் வழக்கில் புதிதும் அல்ல. காரிநாயனார் செய்த கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமல் சுளை எண்ண ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. முள் எக்ஸ் என்றால் சுளை 6 எக்ஸ் / 5. முள் 100 என்றால் சுளை 120. பழத்தை அறுத்து எண்ணினால் அத்தனை தேறுமா என்பது வேறு விவகாரம். சூத்திரம் என்றால் என்னவென்று பிள்ளைக்குச் சொல்ல இதைவிட ருசியான உதாரணம் கிடைப்பது அரிது.

தள்ளுபடி திரும்பி வரும்

இயற்கணிதத்தில் மதிப்பெண் கொட்டிப்போகும் ஓட்டை, அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் கழித்தல் குறி. 12 − (எக்ஸ் − 3) = 9 என்று ஒரு கணக்கு. அடைப்பை நீக்கி 12 − எக்ஸ் − 3 = 9 என்று பிள்ளை எழுதும். விடை எக்ஸ் = 0 என்று வரும். தவறு.

கையில் 12 ரூபாய். கடையில் பில் எக்ஸ் ரூபாய். அதில் 3 ரூபாய் தள்ளுபடி. கொடுத்தது போக மிச்சம் 9. தள்ளுபடி கையில் நிற்கும் பணமல்லவா? ஆகவே 12 − எக்ஸ் + 3 = 9. எக்ஸ் = 6. பில் 6 ரூபாய், தள்ளுபடி போகக் கொடுத்தது 3, மிச்சம் 9. சரியாக இருக்கிறது.

எதிர்மறை எண்ணைக் கடன் என்று பார்ப்பது மிகப் பழைய வழி. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய நூலில் மிகை எண்ணுக்குச் செல்வம் என்றும் குறை எண்ணுக்குக் கடன் என்றும்தான் பெயர். கடனைக் கழித்தால் செல்வம் என்பது அவர் தந்த விதிகளில் ஒன்று. இன்றும் மராத்திப் பிள்ளையின் நூலில் அவை 'தன', 'ருண' எண்கள்தான். ருணம் என்றால் கடன் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் நினைவு வந்துவிடும்.

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று மந்திரம் போலச் சொல்லிக் கொடுப்பதும் ஓர் ஆபத்து. மாறுவதற்குக் காரணம் தராசு. ஒரு தட்டில் எடுத்ததை மறு தட்டிலும் எடுத்தாக வேண்டும். ஏறத்தாழ கி.பி. 820-இல் பாக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் 'அல்ஜபர்' என்ற சொல் இருந்தது. குறைந்ததை நிரப்பிச் சரி செய்வது என்பது அதன் பொருள். 'அல்ஜீப்ரா' அதிலிருந்து வந்ததுதான்.

இருபடிச் சமன்பாட்டில் இன்னொரு வேடிக்கை உண்டு. 240 கி.மீ. செல்லும் ரயில், வேகத்தை மணிக்கு 20 கி.மீ. கூட்டினால் 1 மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும்; வேகம் என்ன? கணக்கை விரித்தால் எக்ஸ் வர்க்கம் + 20 எக்ஸ் − 4,800 = 0 என்று நிற்கும். விடை 60 அல்லது −80. பிள்ளை இரண்டையும் எழுதிவிட்டு எழுந்துவிடும். 'வேகம் எதிர்மறையாக இராது. ஆகவே 60' என்று கடைசி வரி எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். லோக்கல் ரயில் எத்தனை தாமதமாக வந்தாலும் கழித்தல் 80 வேகத்தில் வந்ததில்லை.

முறை தெரியாத தந்தையும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: விடையைக் கேள்வியில் போட்டுப் பார்க்கச் சொல்வது. 60 கி.மீ. வேகத்தில் 240 கி.மீ.க்கு 4 மணி. 80-இல் 3 மணி. ஒரு மணி மிச்சம். சரி. ஆபீசில் தணிக்கையாளர் செய்யும் வேலை இதுதான். கணக்கை அவர் எழுதுவதில்லை, ஒத்துப் பார்க்கிறார்.

மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா

"நான் வெறும் குமாஸ்தா, எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சொல்கிற தந்தைக்கு இன்னொரு குமாஸ்தாவின் கதை தெரிந்திருக்கும். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தவறி, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் ரூ.30. இரண்டு வருஷம் கழித்து 1914-இல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு நண்பரானவர் வங்காளத்து மகலனோபிஸ். ஒரு நாள் ராமானுஜன் அடுப்பில் காய் கிண்டிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் ஸ்டிராண்ட் பத்திரிகையில் வந்த ஒரு புதிரைப் படித்துச் சொன்னார். நீண்ட தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டின் எண் என்ன? மகலனோபிஸ் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சில நிமிஷத்தில் விடை கண்டிருந்தார். ராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்காமலே, இந்த மாதிரித் தெருக்கள் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் விடை தரும் ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

விடை: 288 வீடுகள், வீட்டு எண் 204. வீட்டில் பிள்ளையோடு போட்டுப் பார்க்கச் சிறிய தெரு ஒன்றும் உண்டு. 8 வீடுகள், 6-ஆம் வீடு. இடப்புறம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15. வலப்புறம் 7-உம் 8-உம் சேர்ந்து 15. அடுத்த தெருவில் 49 வீடுகள், எண் 35. கூட்டுத் தொடர் பாடம் படித்த பிள்ளை இதைச் சரிபார்க்காமல் தூங்காது.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த அந்த மகலனோபிஸ்தான் 1931 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். அவர் பிறந்த ஜூன் 29-ஆம் தேதி 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினம்.

சராசரி யார் வாங்குகிறார்?

அந்த வீட்டில் அன்று மகள் 'மீன்' கேட்ட கணக்குக்கு வருவோம். ஒரு நிறுவனத்தில் ஒன்பது பேர். மாதச் சம்பளம் முறையே ரூ.11,000, 12,000, 12,000, 12,000, 13,000, 14,000, 15,000, 16,000, 57,000. சராசரி, இடைநிலை, முகடு காண்க.

மொத்தம் ரூ.1,62,000. ஒன்பதால் வகுத்தால் சராசரி ரூ.18,000. வரிசையில் நடுவில் நிற்கும் ஐந்தாவது ஆள் வாங்குவது ரூ.13,000, அது இடைநிலை. அதிகம் பேர் வாங்குவது ரூ.12,000, அது முகடு.

மகளுக்கு இது மூன்று விடை. தந்தைக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பளப் பட்டியலை ஒரு முறை மேலிருந்து கீழ் பார்க்கிறார். "பதினெட்டாயிரம் யாரு வாங்குதா?" என்கிறார். யாரும் இல்லை. ஒன்பது பேரில் எட்டுப் பேர் அதற்குக் கீழே. கடைசி ஆளின் ரூ.57,000 சராசரியை இழுத்து மேலே கொண்டுபோய்விட்டது. 'எங்கள் நிறுவனத்தில் சராசரிச் சம்பளம் பதினெட்டாயிரம்' என்று அந்த முதலாளி எழுதிப் போட்டால் அதில் எழுத்துப் பிசகு கிடையாது. வேலைக்குச் சேரப் போகிறவன் கேட்க வேண்டியது இடைநிலையை.

புத்தகத்தில் மூன்று அளவு எதற்கு என்று மகள் இதுவரை யோசித்ததில்லை. ஆசிரியரும் சொல்ல நேரமிருந்திருக்காது. சம்பளப் பட்டியலைத் தடவித் தடவிப் படித்துப் பழகியவருக்கு அது ஒரு பார்வையில் பட்டுவிட்டது.

சம்பளம் இங்கே ஏறுவரிசையில் இருந்தது. தேர்வில் கலைத்துக் கொடுப்பார்கள். வரிசைப்படுத்தாமல் நடு எண்ணை எடுத்துவிடுவது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு.

ரயில் பயணிகள் நாற்பது பேர்

பத்தாம் வகுப்பில் உண்மையில் மிரட்டுவது, தொகுத்த பட்டியல். 40 பயணிகள் ஒரு வழிப் பயணத்திற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்: 30 நிமிஷம் வரை 4 பேர், 30 முதல் 60 வரை 14 பேர், 60 முதல் 90 வரை 16 பேர், 90 முதல் 120 வரை 6 பேர்.

தனித்தனி ஆளின் நேரம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பிரிவுக்கும் நடுமதிப்பு: 15, 45, 75, 105. நேரடியாகப் பெருக்கிக் கூட்டினால் 2,520. 40-ஆல் வகுத்தால் 63 நிமிஷம். எண்கள் பெரிதானால் இந்த வழி கையை ஒடிக்கும். அதற்குத்தான் 'ஊகச் சராசரி' முறை. 75 என்று ஊகித்துக்கொண்டு, வித்தியாசங்களை மட்டும் எடுத்தால் −60, −30, 0, 30. பயணிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் −240, −420, 0, 180. மொத்தம் −480. 40-ஆல் வகுத்தால் −12. 75-இல் 12 போனால் 63. ரேஷன் கடையில் மூட்டை நிறுக்கிறவர் 'ஐம்பது கிலோவுக்கு எத்தனை குறைச்சல், எத்தனை கூடுதல்' என்று மட்டும் குறித்துக்கொள்வது இதே முறைதான்.

இடைநிலை காணச் சூத்திரம் உண்டு. 40-இல் பாதி 20. குவிவு நிகழ்வெண்: 4, 18, 34, 40. இருபதாவது ஆள் 60–90 பிரிவில் இருக்கிறார். அதற்கு முந்திய பிரிவு வரை 18 பேர் ஆயிற்று. இன்னும் 2 பேர் வேண்டும். இந்தப் பிரிவில் 16 பேர் 30 நிமிஷத்தில் பரவியிருக்கிறார்கள். 2-ஐ 16-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 3.75. இடைநிலை 63.75.

பிள்ளை தவறுவது இந்த 18-இல்தான். முந்திய பிரிவின் 18-க்குப் பதில் அதே பிரிவின் 34-ஐ எடுத்துப் போட்டுவிடும். விடை 33.75 என்று வரும். கணக்கு முறை தெரியாத தந்தையும் இதைப் பிடித்துவிடலாம். 60-க்கும் 90-க்கும் நடுவில் இருக்க வேண்டிய விடை 33-இல் போய் நின்றால் எங்கோ கோளாறு. "விடை அந்தப் பிரிவுக்குள்ள இருக்கா?" என்பது ஒரு கேள்வி, அதிலேயே பாதித் தவறு மாட்டிக்கொள்ளும்.

முகட்டுக்கும் இப்படியே. அதிகம் பேர் உள்ள பிரிவு 60–90. அதற்கு முன் பிரிவைவிட 2 பேர் கூடுதல், பின் பிரிவைவிட 10 பேர் கூடுதல். 2-ஐ 12-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 5. முகடு 65. மூன்றும் வந்தபின் ஒத்துப் பார்க்க கார்ல் பியர்சன் சொன்ன ஒரு தொடர்பு உண்டு. இடைநிலையை மூன்றால் பெருக்கி, அதில் சராசரியின் இரு மடங்கைக் கழித்தால் ஏறத்தாழ முகடு வரும். 191.25-இல் 126 போனால் 65.25. நாம் கண்டது 65. தோராயக் கணக்குதான்; ஆனால் 40 என்றோ 90 என்றோ வந்திருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கும்.

ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. வளைகோட்டுப் படம் ஒன்று பாக்கி. கிராப் தாளில் புள்ளி வைத்து வரைவது தந்தைக்குப் பழக்கமில்லை. அதை ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டு அண்ணனிடம் கேட்டுக்கொள்வதாக மகள் சொல்கிறாள். நோட்டை மூடுமுன் உண்டியல் கணக்கின் ஓரத்தில் பென்சிலால், 'எல்லாம் 2 ரூபாய் என்றால் 100' என்று எழுதி வைத்துக்கொள்கிறாள். தந்தை கை கழுவப் போகிறார்.

"எம்மா, மீன் கிடைச்சிட்டு," என்று அடுப்படியைப் பார்த்துக் கூவுகிறாள் மகள். "அறுபத்து மூணு."

"கிலோ அறுபத்து மூணா?" தட்டை எடுத்து வைத்தபடி அம்மா கேட்கிறாள். "எந்த மார்க்கெட்டுல?"